எறும்புகள் விட்டுவைத்த பக்கம்

ஆலை மூடிய மறு வருடம், பங்குனி வெயில் காலையிலேயே ஓட்டைச் சுடத் தொடங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, சர்க்கரை ஆலைக் காலனியின் கடைசி வரிசையில், கடைசி வீட்டில், சிவக்கொழுந்து முந்தின நாள் எழுதி மேசைமேல் வைத்திருந்த தாளில் எறும்புகள் ஏறி, 'பொன்னிற' என்ற சொல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போயின. அவர் அப்போது பல் விளக்கிவிட்டு முகம் துடைத்துக்கொண்டிருந்தார். பென்சில் எழுத்து வெங்காயச் சருகு போலத் தாளைவிட்டுக் கிளம்பி வர, ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எறும்பு வாயில் கவ்வியது. கொம்பையும் காலையும் சின்ன எறும்புகள் தனியே சுமந்தன. மெய்யெழுத்தின் புள்ளியை மட்டும் எந்த எறும்பும் தொடவில்லை, அது தானாகவே உருண்டு கூட்டத்தின் பின்னால் போனது. மேசைக்காலில் இறங்கி, தரையில் ஓடி, வாசற்படியில் ஏறித் தெருவுக்குப் போகும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போய், அரிசி டின்னின் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. வந்து காப்பி போட்டுக் குடித்தார்.

காலனிக்காரர்கள் பிற்பாடு இதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஆலை ஓடிய காலத்தில் கிடங்குத் தரையில் சிந்திய சர்க்கரையைத் தின்று தலைமுறை தலைமுறையாகக் கொழுத்த எறும்புகள், கிடங்கைப் பூட்டிய பிறகு வீடு வீடாக அலைந்தன; பாதிப்பேருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்ட காலனியில் அவற்றுக்கு ஒன்றும் சரியாக அகப்படவில்லை; அதனால் எது இனிப்பாக இருக்கிறதோ அதைத் தின்னப் பழகிக்கொண்டன. இதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. குழாயில் தண்ணீர் எப்போது வரும், ஆலையைத் திறப்பார்களா மாட்டார்களா என்று யோசிப்பதற்கு வேறு விஷயங்கள் இருந்தன.

சிவக்கொழுந்து எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆலையின் எடைமேடை அறையில் உட்கார்ந்து, கரும்பு வண்டி மேடையேறும்போது நிறுத்தச் சொல்லி, எடை பார்த்து, போகச் சொல்லுவது அவருடைய வேலை. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில்தான் எழுதிப் பழகினார். அதனால் அவருக்குச் சில பழக்கங்கள் உண்டாகி, வேலை போன பிறகும் போகாமல் நின்றன. பேனா பிடிக்க மாட்டார், பென்சில்தான். கோடு போட்ட தாள் ஆகாது. கதையை முதல் வரியிலிருந்து தொடங்க மாட்டார். நடுவில் எங்கேயாவது ஒரு ஆள் ஏதாவது செய்துகொண்டிருக்கிற இடத்தில் தொடங்கி, முன்னும் பின்னும் போவார். அடித்த சொல்லைப் படிக்க முடியாதபடி கிறுக்க மாட்டார், மேலே ஒற்றைக் கோடுதான், ஏனென்றால் அடித்த பிறகுதான் சில சொற்களின் அருமை தெரியும். காலையில் பால் வந்ததும் உட்காருவார், குழாய்த் தண்ணீர் வந்ததும் எழுந்துவிடுவார். எழுதியதை வாய்விட்டுப் படிப்பார். மனைவி தையல்நாயகி உயிரோடு இருந்தவரை அவளுக்குப் படித்தார். அவள் அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள், நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை; ஆனால் எந்த இடத்தில் நறுக்குகிற சத்தம் நின்றதோ அந்த இடத்தில் அவர் ஒரு புள்ளி வைத்துக்கொள்வார். மறுநாள் அந்த வரியைத் திருத்துவார். அவள் போன பிறகு சுவரைப் பார்த்துப் படித்தார். சுவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டது. அப்படித்தான் கதைகளில் பொன்னிறமும் தேன்மழையும் கூடிப்போயின. நூலகத்தில் எடுத்துப் படித்த புத்தகங்களில் அவை இருந்தன; தேருக்கு வண்ணத்துணித் தொம்பை கட்டுவது போல வாக்கியத்துக்கும் கட்ட வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

எறும்புகள் தினமும் வந்தன. மழைநாளில் எடைமேடையில் நின்றுபோன ஒரு வண்டியைப் பற்றி ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தார். சில காலைகள் போனதும் அதில் மிஞ்சியது இவ்வளவுதான்: 'மழை வந்தது. வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டார். மாடு நனைந்தது.' அவர் அதை வாய்விட்டுப் படித்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறாய் என்று தெருவில் யாரோ சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சொன்னவர்மேல் கோபப்பட முடியாது, சரியாகப் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

தெருவில் அந்தச் சொற்கள் எங்கே போயின என்பது மதலைமேரி வீட்டில் முதலில் தெரிந்தது. மதலைமேரி எதிர் வரிசைக்காரி, காலனி மாதாகோயிலைக் கூட்டித் துடைக்கிறவள். அவள் புருஷன் சூசை ஆட்டோ ஓட்டுகிறவர். இருவரும் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் தொடங்கிய சண்டையிலிருந்து வருடக்கணக்காக நேருக்கு நேர் பேசுவதில்லை. வீட்டில் ஓர் ஆடு இருந்தது, அதன் வழியாகப் பேசிக்கொண்டார்கள். "ஏ ஆடே, சோறு வெந்துருச்சுன்னு சொல்லு," என்பாள் அவள். "ஏ ஆடே, பசிக்கலன்னு சொல்லு," என்பார் அவர். ஆடு இருவரையும் மாறிமாறிப் பார்க்கும்.

மதலைமேரி ஒரு நாள் சர்க்கரை டப்பாவைத் திறந்தபோது மேலே எறும்பு மொய்த்திருந்தது. எல்லோரும் செய்வது போல டப்பாவைக் கொண்டுபோய் வெயிலில் வைத்தாள். எறும்பு போய்விட்டது, எழுத்து போகவில்லை. எள்ளைத் தூவியது போலச் சர்க்கரைமேல் கிடந்தது. அவசரத்தில் அப்படியே அள்ளி டீயில் போட்டாள். சூசை ஒரு வாய் குடித்தார், தம்ளரைப் பார்த்தார், இன்னொரு வாய் குடித்தார், பிறகு ஆட்டைப் பார்த்து, "ஏ ஆடே, இன்னிக்கி டீ தேனமுதம்னு சொல்லு," என்றார். சொன்னபின் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். அன்று மாலை அவர் ஆட்டை விட்டுவிட்டு நேராக அவளைப் பார்த்தே, "தேனமுதம்," என்றார். மதலைமேரி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

தின்ற சொல் வயிற்றில் தங்காது, ஏதாவது ஒரு பேச்சில் தானாக வெளியே வந்துவிடும் என்பதைக் காலனி சீக்கிரமே கண்டுகொண்டது. ஆலைத் தொழிற்சங்கத்தில் நெடுங்காலம் செயலாளராக இருந்த கோதண்டம், டீ குடித்த வாயோடு ஆலைக் கேட்டுக்கு முன்னால் ஒலிபெருக்கியைப் பிடித்து, "கல்நெஞ்சக்கார நிர்வாகமே!" என்று கத்தப் போனவர், "கண்ணின் மணியான நிர்வாகமே!" என்று கத்தினார். கூட்டம் சிரித்தது. ஆனால் அதுவரை ஒரு நாளும் வெளியே தலைகாட்டாத அதிகாரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "உள்ள வாங்க, பேசலாம்," என்றார். பேச்சில் ஒன்றும் முடிவாகவில்லை. என்றாலும் உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள் என்று கோதண்டம் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு காலனியில் யாரும் எறும்பை மிதிப்பதில்லை. பெண்கள் பச்சரிசி மாவில் கோலம் போடும்போது, கடைசி இழையை நீட்டி சிவக்கொழுந்தின் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டார்கள், எறும்பு மாவைப் பிடித்துக்கொண்டு தங்கள் வீட்டுக்கு வரட்டும் என்று. ஒருத்தி இழையை இன்னொருத்தி மிதித்து அழித்ததில் சண்டை வந்தது. அந்தச் சண்டையும் 'செந்தாமரையே' 'பசுங்கிளியே' என்றுதான் நடந்தது. கடைசியில் ஒரு வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துக்கொண்டார்கள். சிவக்கொழுந்துக்கு மட்டும் ஒரு சங்கடம் இருந்தது. எறும்பு எடுத்துப் போகிற இடங்களைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கை பழகிவிட்டது. 'பொன்னிற' என்று எழுத வரும்போதே பென்சில் நின்றுவிடும். பக்கங்கள் அப்படியே மிஞ்சத் தொடங்கின. தெருவில் டீ வெறும் டீயாக இருந்தது. ஒரு நாள் பாயசத்தோடு வந்துவிட்டாள் மதலைமேரி.

"அண்ணே, இதக் குடிச்சிட்டு எழுதுங்க. நாலு வாரமா நீங்க எழுதறதுல இனிப்பே இல்ல."

"உப்புதான் இருக்குதாம்," என்றார் பின்னால் நின்ற சூசை.

சிவக்கொழுந்து யோசித்துப் பார்த்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவது போல, காலையில் முதலில் எறும்புக்கென்று ஒரு பக்கம் எழுதி மேசையின் ஓரத்தில் வைத்தார். நிலவு, தென்றல், முத்து, பவளம், கிளி, மயில், எதையும் மிச்சம் வைக்கவில்லை. அதை எழுத நேரமே ஆகவில்லை. அதற்குப் பிறகு தன் பக்கத்தை எழுதினார். இதில் இரண்டு பக்கத்துக்கும் நன்மை இருந்தது. இனிப்பெல்லாம் முதல் பக்கத்தில் இறங்கிவிட்டதால் அடுத்ததில் கை சுத்தமாக இருந்தது. தெருவும் சந்தோஷமாக இருந்தது. இப்படியே ஆனியும் போயிற்று.

ஆடி மாதத்தில் மகள் பூங்கோதை ஈரோட்டிலிருந்து போன் செய்தாள்.

"அப்பா, அம்மா திதிக்கு நான் முதல் நாளே வந்துடறேன். ஒண்ணு கேப்பேன், மாட்டேங்கக்கூடாது."

"சொல்லு."

"வண்டிக்காரன், லாரிக்காரன், சங்கத்துக்காரன்னு எல்லாரையும் எழுதியாச்சு. அம்மாவ மட்டும் நீங்க எழுதவே இல்ல. ஒரே ஒரு பக்கம் எழுதி வைங்க. படையல் போட்டதும் நான் படிக்கறேன்."

அவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"இங்க போட்டோவ மாட்டி வச்சிருக்கேன்ப்பா. ஸ்டூடியோக்காரன் என்னமோ பண்ணிட்டான், அது அம்மா மாதிரியே இல்ல. ஆனா தினம் அதையே பாக்கறேனா, இப்ப அம்மாவ நெனச்சா அந்த மூஞ்சிதான் வருது. எனக்கு பயமா இருக்கு."

அவருக்கும் அந்த பயம் இருந்தது. அவர் யாரிடமும் சொன்னதில்லை. மூன்று வருடத்தில் அவள் குரல் மெலிந்துகொண்டே வந்து, இப்போது அவள் பேசுவதாக அவர் நினைத்துக்கொள்ளும் பேச்செல்லாம் அவர் எழுதுகிற பேச்சு மாதிரியே இருந்தது.

மறுநாள் எறும்புப் பக்கத்தை எழுதி ஓரத்தில் வைத்துவிட்டு, புதுத் தாளை எடுத்துத் தையல்நாயகியைப் பற்றி எழுதினார். வழக்கத்துக்கு மாறாக முதல் வரியிலிருந்து தொடங்கினார். பக்கம் நிறைய எழுதினார், கண்ணீர் வந்தது, நன்றாக எழுதிவிட்டோம் என்று நினைத்தார். அடுத்த நாள் காலையில் பார்த்தபோது எறும்புகள் ஓரத்தில் இருந்த பக்கத்தைத் தொடவே இல்லை. தையல்நாயகியின் பக்கத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக 'அவள்', 'அவள்' என்று மட்டும் மிஞ்சியிருந்தது. மற்றதெல்லாம் வெள்ளை. மறுபடி எழுதினார். மறுபடியும் 'அவள்' மட்டும்தான். வாரம் முழுக்க இதுவே நடந்தது. எழுதியதில் ஒரு வரியாவது நிற்கும் என்று பார்த்தார், நிற்கவில்லை.

அந்த வாரம் மதலைமேரி வீட்டு முறை. ஒரு காலை அவர் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்றபோது, ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த சூசை வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார்: "என் குலவிளக்கே, துணி ஒண்ணு எடுத்துக் குடு." சற்றுப் பொறுத்து, "என் வாழ்வின் நிழலே, அது இல்ல, பழைய துணி."

சிவக்கொழுந்து குடத்தைக் கீழே வைத்தார். அந்தச் சொற்கள் அவருக்குத் தெரியும். ஒன்று செவ்வாய்க்கிழமை எழுதியது, மற்றது முந்தின நாள் எழுதியது.

அன்று அவர் நான்கு கொட்டாங்கச்சி தேடி எடுத்து, மேசையின் ஒவ்வொரு காலையும் ஒவ்வொன்றில் நிறுத்தி, தண்ணீர் ஊற்றினார். பலகாரம் வைக்கிற அலமாரிக்கு எல்லா வீட்டிலும் செய்கிற காரியம்தான். எறும்புகள் தண்ணீர்வரை வந்து, கூடி நின்று, திரும்பிப் போயின. தையல்நாயகியின் பக்கத்தை மறுபடி முழுக்க எழுதி மேசை நடுவில் வைத்தார். அது அழியாமல் இருந்தது. எறும்புப் பக்கமும் அழியாமல் அதன் பக்கத்திலேயே இருந்தது.

நாலைந்து நாளில் தெரு புளித்துப்போயிற்று. பால்காரரோடு சண்டை, குழாயடியில் சண்டை, கோயில் ஒலிபெருக்கிக்கும் மாதாகோயில் ஒலிபெருக்கிக்கும் சண்டை. பூங்கோதை வருவதற்கு முந்தின நாள் காலை, மதலைமேரியும் சூசையும் கோதண்டமும் வந்து கூடத்தில் நின்றார்கள்.

"அண்ணே, கொட்டாங்கச்சிய எடுத்துருங்க," என்றாள் மதலைமேரி.

"எதுக்கு?"

"எதுக்கா? இந்த மனுசன் மறுபடியும் ஆட்டுக்கிட்ட பேச ஆரம்பிச்சிட்டாரு. அது என் மூஞ்சியப் பாக்கவே கூச்சப்படுது."

"அது ஒண்ணும் கூச்சப்படல," என்றார் சூசை, சுவரைப் பார்த்து.

"என்னய்யா சிவக்கொழுந்து," என்றார் கோதண்டம், "பொதுச்சொத்துக்கு அணை கட்டிட்டே."

"மேசை என்னுது."

"மேசை உன்னுது. எறும்பு பொது."

"எழுத்து?" என்று கேட்டார் சிவக்கொழுந்து. அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "அது என் பொண்டாட்டிக்கு எழுதினது. நீங்க டீயில கலக்கிக் குடிச்சிட்டீங்க."

ஆட்டோ ஒன்று தெருவில் போகிற சத்தம் கேட்டது. சூசை திரும்பி, "எது அண்ணே?" என்றார்.

"குலவிளக்கு. வாழ்வின் நிழல். போன வாரம் முழுக்க நீ கூப்பிட்டதெல்லாம்."

சூசை தலையைக் குனிந்துகொண்டார். மதலைமேரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஐயோ அண்ணே, அக்காவுக்கா எழுதினீங்க? நான் எனக்குன்னுல்ல நெனச்சி வெக்கப்பட்டேன்." முந்தானையை இறக்கிவிட்டு, "படிங்க அண்ணே. நாங்க எதத் தின்னோம்னாவது தெரியட்டும்," என்றாள்.

அவர் மேசை நடுவிலிருந்த தாளை எடுத்துப் படித்தார். மென்மொழியாள், புன்னகை மாறாதவள், பொறுமையில் பூமி, இல்லத்தின் ஒளி என்று அது போய்க்கொண்டிருந்தது. படிக்கப் படிக்க அவருக்கே அது சுவரில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் போலக் கேட்டது. எந்த அம்மாளின் படத்தை வேண்டுமானாலும் மேலே ஒட்டிக்கொள்ளலாம். முடித்தார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரு அண்ணே இது?" என்றாள் மதலைமேரி.

"தையல்நாயகி."

"தையலக்காவா? மென்மொழியா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வீட்டுச் சேவல் விடியறதுக்கு முன்னாடி கூவிச்சின்னு, சேவல நிக்கவச்சி அரை மணி நேரம் வஞ்சாங்க. அதுக்கப்புறம் அது கூவறதுக்கு முன்னாடி உங்க வீட்டத் திரும்பிப் பாத்துட்டுத்தான் கூவும்."

"கேட் மீட்டிங்ல நான் பேசிட்டிருக்கேன்," என்றார் கோதண்டம். "ஆயிரம் பேரு நிக்கறான். பின்னாடிலேர்ந்து உன் வீட்டம்மா, 'கோதண்டண்ணே, சுருக்கி முடிங்க, அவங்கவங்க வீட்டுல சோறு ஆறுது'ங்குது. என் பேச்ச நிறுத்தின ஒரே ஆளு."

"நீ டைபாய்டுல கெடந்தப்ப..." என்று ஆரம்பித்த சூசை, ஆடு இல்லாத இடத்தில் மனைவியைப் பார்த்துப் பேசுகிறோம் என்பதைக் கவனிக்காமலே தொடர்ந்தார், "அந்தக்கா வந்து பாத்திரமெல்லாம் தேச்சி வச்சிட்டு, அடி கருப்பா இருக்குன்னு என்னைப் புடிச்சி ஏசுச்சி. ஒன்னையும் ஏசுச்சி. காய்ச்சல் புடிச்சவன்னும் பாக்கல."

"பாக்கல," என்றாள் மதலைமேரி. இப்போது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அழுவாத," என்றார் சூசை அவளிடம்.

சிவக்கொழுந்துக்குக் கோபம் வந்தது. தன் மனைவியைப் பற்றி இவர்களுக்கு இவ்வளவு தெரிந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர்கள் பேசிய நேரம் முழுக்க அவள் கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள் என்பதை அவரால் மறுக்கவும் முடியவில்லை. அவர்கள் போன பிறகு, மேசையை ஒரு கையால் தூக்கி, மறுகையால் கொட்டாங்கச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்து, தண்ணீரை முருங்கைமரத்தடியில் ஊற்றினார். நோட்டீஸ் பக்கத்தை எடுத்து எறும்புப் பக்கத்தோடு சேர்த்து ஓரத்தில் வைத்தார். தெருவுக்கு அது உதவட்டும். பிறகு உட்கார்ந்தார். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது, குழாயில் தண்ணீர் வந்து நின்றுபோனது, அவர் எழவில்லை.

நடுவில் ஆரம்பித்தார். தையல்நாயகி நின்றபடியே சாப்பிடுகிறாள், ஏனென்றால் உட்கார்ந்தால் யாராவது கூப்பிடுவார்கள். கிரைண்டர் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகியதால் காதோடு சொல்ல வேண்டியதையும் கத்தித்தான் சொல்கிறாள். ஆலை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு முதன்முதலாக வந்த நாளில் அவள் வாயே திறக்காமல் வீட்டிலுள்ள ஜன்னல் கம்பிகளையெல்லாம் புளி போட்டுத் தேய்க்கிறாள். பூங்கோதை கல்யாணமாகிப் போன மறுநாள், பழக்கதோஷத்தில் மூன்று தட்டு எடுத்துவைத்து, ஒன்றைத் திருப்பி வைக்காமல் அதில் கறிவேப்பிலையும் முருங்கைச் சக்கையும் துப்பி நிறைக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில் ஏறியபின், சூசையை நிறுத்தச் சொல்லி, பின்கதவுத் தாழ்ப்பாள் போட்டாச்சா என்று கேட்கிறாள். போட்டாச்சு என்கிறார் சிவக்கொழுந்து. போடவில்லை என்று அவளுக்குத் தெரியும். இறங்கிப் போய்ப் போட்டுவிட்டு வரச் சொல்கிறாள். அவர் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாட்களில் சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு, அறை வாசலில் வந்து நின்று, "ஏ எடைக்கல்லு, எந்திரி," என்கிறாள். அவர் எடைமேடையில் வேலைக்குச் சேர்ந்த நாளில் வைத்த பெயர் அது. மகள் முன்னாலோ தெருவில் யார் முன்னாலோ அவள் அதைச் சொன்னதில்லை. எழுதும்போது அவருக்கு அழுகை வரவில்லை. வேலையாகத்தான் இருந்தது. நாலு இடத்தில் அடித்தார், ஒற்றைக் கோடு.

மாலையில் பூங்கோதை வந்தாள். பக்கம் எழுதியாச்சா என்று கேட்டாள். எழுதியிருக்கிறேன், காலையில் இருக்கிறதா பார்ப்போம் என்றார். அவளுக்கு எறும்பு விஷயம் தெரியும். ஒன்றும் கேட்காமல் உளுந்தை ஊறப்போட்டாள்.

காலையில் எறும்புகள் வந்தன. பட்டினி கிடந்த எறும்புகள். ஓரத்தில் இருந்த பக்கங்களை மொய்த்து, நிலவையும் தென்றலையும் புன்னகையையும் பூமியையும் சுமந்துகொண்டு வரிசைவரிசையாக இறங்கின. தாள் இரண்டும் வெறுமையாயின. பிறகு இன்னொரு கூட்டம் நடுவில் இருந்த பக்கத்தில் ஏறியது. சிவக்கொழுந்து பல்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். அவை முதல் வரியில் தொடங்கி, ஒவ்வொரு சொல்லையும் மீசையால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு, வரி தவறாமல் நடந்தன. ஜன்னல் கம்பியைத் தட்டின, விட்டன. முருங்கைச் சக்கையைத் தட்டின, விட்டன. தாழ்ப்பாளிடம் கொஞ்ச நேரம் நின்றன, விட்டன. கடைசி வரிக்கு வந்து, 'எடைக்கல்லு' என்ற சொல்லைச் சுற்றி வட்டமாக நின்று, பெயர்த்துத் தூக்கின.

அதுநாள்வரை அவர் எறும்பின் வழியில் கை வைத்ததில்லை. இப்போது மேசையின் விளிம்பில் உள்ளங்கையை வைத்தார். வேறு வழியில்லாமல் எறும்புகள் கையில் ஏறின. நடுக்கையை அவை கடக்கும்போது, மெல்ல ஊதினார். எறும்புகள் சுமையை விட்டுவிட்டு விரலிடுக்குகளில் ஓடின. உள்ளங்கையில் சொல் கிடந்தது, கறுப்பாக, எடையே இல்லாமல். அதைத் திரும்பத் தாளில் ஒட்டவைக்க முடியாது, தெருவுக்குக் கொடுக்கவும் அவருக்கு மனம் இல்லை. நாக்கை நீட்டி ஒற்றி எடுத்துக்கொண்டார். அவர் எழுதியதில் ஒரு சொல்லை அவர் தின்றது அதுதான் முதல் தடவை. முதலில் பென்சில்தூள் ருசிதான் தெரிந்தது. பிறகு தெரிந்ததை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

உச்சிப்பொழுதில் படையல் போட்டார்கள். இலையில் வடையும் பாயசமும் வைத்து, மகள் கொண்டுவந்த, ஸ்டூடியோக்காரன் கெடுத்துவைத்த படத்துக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, காக்கைக்கு வைத்துவிட்டு வந்ததும், பூங்கோதை தாளைக் கையில் எடுத்தாள். மதலைமேரியும் சூசையும் கதவோரம் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்றார்கள். கோதண்டம் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். இன்னும் சில வீட்டுக்காரர்கள் ஜன்னல் பக்கம் நின்றார்கள்.

பூங்கோதை நிதானமாகப் படித்தாள். நின்றபடியே சாப்பிடுகிற இடத்தில் மதலைமேரி, "ஆமா," என்றாள். மூன்றாவது தட்டு வந்த வரியைப் பூங்கோதை இரண்டு தடவை படித்தாள். தாழ்ப்பாள் வந்ததும் சூசை, "நாந்தான் ஓட்டினேன், நாந்தான்," என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அவள் கடைசி வரிகளுக்கு வந்தாள்.

"'சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு, அறை வாசலில் வந்து நின்று, ஏ...'" அவள் தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள். "அப்பா, இங்க ஒரு எடம் காலியா இருக்கு. என்ன எழுதியிருந்தீங்க?"

ஒன்றுமில்லை, விட்டுட்டு மேலே படி என்று சொல்லத்தான் சிவக்கொழுந்து வாயைத் திறந்தார்.

"ஏ எடைக்கல்லு!" என்றது வாய். அவர் குரல்தான். ஆனால் கிரைண்டர் சத்தத்துக்கு மேலே எழும்பிய கத்தல் அது. ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் ஓரடி பின்னால் போனார்கள், கோதண்டம் உட்கார்ந்த இடத்திலிருந்து பாதி எழுந்துவிட்டார். பூங்கோதை படத்தைப் பார்க்கவில்லை, திரும்பி அறை வாசலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு தாளைப் பார்த்து, "எந்திரி," என்று அடுத்த சொல்லைப் படித்தாள்.